குளிர் ஊரில் கொதிக்கும் வண்டி

வெக்கை என்றால் அது கீழ்நாட்டுச் சங்கதி என்றே நினைத்துப் பழகிவிட்டோம். மஹியங்கனையில் கொதிக்கும், வெல்லவாயவில் கொதிக்கும், மட்டக்களப்புப் பக்கம் போனால் சொல்லவே வேண்டாம். பதுளை சுமாராக இருக்கும். பண்டாரவளையும் அப்புத்தளையும் குளிர். ஊரைப் பற்றிய இந்தக் கணக்கு சரிதான். ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலிருக்கும் பதுளை நகரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 23, 24 பாகை செல்சியஸை ஒட்டித்தான் நிற்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கும் மேலே. அங்கே பட்டப்பகலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாத நாட்கள் உண்டு. ஆனால் ஊருக்குப் பொருந்தும் இந்தக் கணக்கைக் கண்ணாடியை ஏற்றிப் பூட்டி வெயிலில் விட்ட வண்டிக்கும் பொருத்திப் பார்க்கிறோம். அங்கேதான் தப்பு நடக்கிறது. பூட்டிய வண்டி எவ்வளவு சூடாகும் என்பதை வெளியே இருக்கும் காற்றைவிட மேலே அடிக்கும் வெயில்தான் அதிகமாகத் தீர்மானிக்கிறது. ஊவாவில் அந்த வெயிலுக்குக் குறைவில்லை.

நமது மாகாணம் மத்திய மலைகளின் கிழக்குச் சரிவில் கிடக்கிறது. தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியா பக்கத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, காய்ந்த கச்சானாக இந்தப் பக்கம் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்போன மணத்தைக் கொடுப்பது இந்தக் காய்ச்சல்தான். அதே மாதங்களில் மேகம் விலகி வெயில் முழுதாக இறங்கும். உயரம் கூடக் கூட வெயிலை மறிக்கும் காற்றும் மெலிந்துகொண்டே போகும். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. வெளியே நிற்கும் ஆளுக்கு மலைக்காற்று மேலே படுவதால் இதன் உறைப்பு தெரிவதில்லை. பூட்டிய வண்டிக்குள் அந்தக் காற்று கிடையாது. கண்ணாடி வெயிலைத் தடையில்லாமல் உள்ளே விடுகிறது. வெயில் பட்டுக் காய்ந்த டேஷ்போர்டும் இருக்கைகளும் திருப்பி வீசும் வெப்பத்தை மட்டும் அது வெளியே விடுவதில்லை. உள்ளே வந்தது உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டு போகிறது.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நேராகவே பொருந்துகிறது. வெளியே 22 பாகையிலிருந்து 36 பாகை வரை இருந்த பல நாட்களில் ஒரு காரை வெயிலில் பூட்டி வைத்து உள்வெப்பத்தைக் குறித்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 பாகை கூடியது. வெளியே சூடு குறைவாக இருந்த நாளிலும் ஏற்றம் ஏறக்குறைய அதே அளவுதான். வெளியே 22 பாகை மட்டுமே இருந்த நாளில் உள்ளே 47ஐத் தொட்டது. 22 பாகை என்பது பண்டாரவளையின் இதமான முற்பகல். மொத்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே முடிந்துவிட்டது என்பதையும் அவர்கள் கண்டார்கள். மெல்ல மெல்லச் சூடாகும், அதற்குள் வந்துவிடலாம் என்ற நம் எண்ணத்துக்கு இதில் இடமே இல்லை. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடும்போது மொனராகலை மாவட்டத்தின் பெயர் அடிக்கடி வருகிறது, பதுளையின் பெயர் அவ்வளவாக வருவதில்லை. அந்த எச்சரிக்கை வெளிக்காற்றின் சூட்டையும் ஈரத்தையும் வைத்துச் சொல்லப்படுவது. பூட்டிய வண்டிக்கு அது பேசவில்லை. அதில் நம் ஊர்ப் பெயர் இல்லாததை நமக்குக் கிடைத்த உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, சூடேறிய வண்டியை எப்படி ஆற்றுவது? பெரும்பாலோர் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்துவிட்டு வியர்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். 50 பாகைக்கு மேல் காய்ந்த காற்றை வைத்துக்கொண்டு அதையே குளிரவைக்கப் பார்ப்பது வீண் வேலை. அந்தக் காற்றை முதலில் வெளியே தள்ள வேண்டும். தோட்டத்து ஆட்களுக்கு இந்த உண்மை புதிதல்ல. கொழுந்தைச் சாக்கில் அமுக்கிக் கட்டினால் உள்ளே சூடு பிடித்துச் சிவந்துவிடும், ஸ்டோருக்குப் போய் ஒன்றுக்கும் உதவாது. அதனால்தான் மடுவத்தில் நிறுத்ததும் தளர்வாகக் கட்டு, லொறியில் காற்றோட்டம் விடு, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி மிதிக்காதே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சூட்டை ஆற்றக் காற்று ஓட வேண்டும் என்ற அதே அறிவுதான் வண்டிக்கும் வேண்டியது.

ஜப்பானிய வாகன ஓட்டிகள் சம்மேளனம் இதைச் சோதித்து எண்களாகவே தந்திருக்கிறது. உள்ளே 55 பாகையாகியிருந்த காரில் ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கக் கதவை ஐந்து தடவை விசிறிபோல் திறந்து மூடினார்கள். வெப்பம் ஏறக்குறைய 47க்கு இறங்கியது. சொட்டுப் பெற்றோல் செலவில்லை, அரை நிமிடம்கூட ஆகவில்லை. நிறுத்திய இடத்திலேயே ஏ.சி.யைப் போட்டு உள்காற்றையே சுழலவிட்டபோது 28ஐ ஒட்டி இறங்கப் பத்து நிமிடம் பிடித்தது. கண்ணாடிகளைத் திறந்துவைத்து, வெளிக்காற்றை இழுக்கும்படி ஏ.சி.யைப் போட்டு வண்டியை ஓட்டி, இரண்டு நிமிடம் கழித்துக் கண்ணாடிகளை ஏற்றி உள்காற்றுக்கு மாற்றியபோது அதே அளவுக்கு வர ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. ஓடும் வண்டியில் கொம்பிரசரும் வேகமாகச் சுற்றும், முன்னால் இருக்கும் கண்டென்சரிலும் காற்று அடிக்கும். உள்காற்றையே சுழலவிட, கார்ப் படத்துக்குள் அம்பு வளைந்து நிற்கிற ஒரு சின்னப் பொத்தான் பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது. பலரும் அதை வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டு நிமிடம் அது அணைந்திருக்க வேண்டும், பிறகு எரிய வேண்டும். முக்கால்வாசி வித்தை அதில்தான் இருக்கிறது. டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து புற்றுநோய் தரும் பென்சீன் வருகிறது, அதனால் கண்ணாடியைத் திற என்று வட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை வைத்து யாரும் பயப்படத் தேவையில்லை. அது சொல்லும் அளவுக்கு ஆபத்து உண்டு என்பதற்குச் சான்றில்லை. திறக்க வேண்டியது சூட்டுக்காக.

ஏற்றத்தில் ஏ.சி. போட்டால் வண்டி இழுக்காது, ஆகவே இதெல்லாம் நமக்கு ஆகாது என்பார்கள். நியாயமான பேச்சுத்தான். பதுளையிலிருந்து பசறைக்கோ ஹாலிஎலவிலிருந்து தெமோதரைக்கோ ஏறும் சின்ன எஞ்சின் கார்களுக்கு ஏ.சி. ஒரு பாரம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வண்டிகளையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம். காஸ் இறங்கிப்போன ஏ.சி.கள் இன்னும் நிறைய உண்டு. 2022 ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய்க்குப் போன நாட்களில் ஏ.சி.யை அணைத்துவைக்கப் பழகிய கை பிறகு அதைத் தொடவேயில்லை. ஆனால் இவையெல்லாம் நான் சொல்வதற்கு எதிரான காரணங்கள் அல்ல, ஆதரவான காரணங்கள். ஏ.சி. பலவீனமாயிருக்கிற, அல்லது இல்லவே இல்லாத வண்டிக்குத்தான் கதவை விசிறுவதும் நிழலில் நிறுத்துவதும் அதிகம் உதவும். ஆற்றிவிட்ட வண்டியில் ஏ.சி.க்கு வேலை குறைவு. ஏற்றம் தொடங்குமுன்பே வேலை முடிந்துவிடும்.

நிழலின் பலன் நாம் நினைப்பதைவிடப் பெரிது, ஒரு விதத்தில் நினைப்பதைவிடச் சிறிது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கடும் கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களில் காற்று சராசரியாக 47 பாகை, ஸ்டியரிங் 53, டேஷ்போர்டு 69. நிழலில் நின்றவற்றில் காற்று 38, ஸ்டியரிங் 42, டேஷ்போர்டு 48. கையைச் சுடும் ஸ்டியரிங்குக்கும் பிடிக்கக்கூடிய ஸ்டியரிங்குக்கும் உள்ள வித்தியாசம் அது. ஆனால் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வெயிலில் ஒரு மணி நேரத்தில் எட்டும் உயிராபத்தை, நிழலில் இரண்டு மணி நேரத்தில் எட்டிவிடும் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. நிழல் நேரத்தைத்தான் தள்ளிப்போடுகிறது. முன் கண்ணாடியில் வைக்கும் வெள்ளி நிற மறைப்பும் அப்படியே. ஜப்பானியர்களின் இன்னொரு சோதனையில், வெளியே 35 பாகை இருந்த பகலில், மறைப்பில்லாத கறுப்புக் காரில் காற்று 57 வரையும் வெள்ளைக் காரில் 52 வரையும் போனது. மறைப்பு வைத்ததில் 50. காற்றில் பெரிய மாற்றமில்லை. ஆனால் மறைப்பில்லாத கார்களில் 74, 79 என்று போன டேஷ்போர்டு, மறைப்புக்குப் பின்னால் 52இல் நின்றது. ஏறி உட்கார்ந்ததும் முகத்தில் அடிக்கும் அனலில் பெரும்பங்கு டேஷ்போர்டிலிருந்து வருவதால், சில நூறு ரூபாய் அட்டைக்கு இது நல்ல பலன்தான். கண்ணாடியை மூன்று சென்ரிமீற்றர் திறந்துவைத்த காரிலோ 45 வரை ஏறியது. ஸ்டான்ஃபர்ட் ஆய்வில் கொஞ்சம் திறந்துவைத்ததால் குறிப்பிடத்தக்க பலனே கிடைக்கவில்லை. காற்று எப்படி வீசுகிறது என்பதைப் பொறுத்து இது மாறலாம். எப்படி மாறினாலும் 45 பாகையில் ஓர் உயிரை விட்டுவிட்டுப் போக முடியாது.

கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் போதுமே என்று கடைக்காரர்கள் சொல்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெயிலின் சக்தியில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் வருகிறது. அதைத் தடுக்காத ஸ்டிக்கர் எவ்வளவு கறுப்பாயிருந்தும் சூட்டுக்கு அரைகுறை மருந்துதான். மாலை நான்கு மணிக்கே பனிமூட்டம் இறங்கும் அப்புத்தளைச் சாலையிலும் நமுனுகுலைச் சரிவிலும் இருட்டுக் கண்ணாடியோடு ஓட்டுவது வேறொரு விபத்துக்கு வழி. இந்திய உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் கார்க் கண்ணாடிகளில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டத் தடை போட்டது நினைவிருக்கலாம். ஈரத்துணி வித்தைக்குக் கச்சான் காலம் பொருத்தமானது: காற்று காய்ந்திருப்பதால் ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் துடைத்த ஈரம் சட்டென உலர்ந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மழை மாதங்களில் அதற்கு அவ்வளவு பலன் இருக்காது.

கார் வைத்திருப்பவர்களின் சௌகரியத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு, தகரக் கூரைக்குக் கீழே லயத்துக் காம்பராவில் அவிந்துகொண்டிருப்பவர்களைப் பற்றிப் பேசக்கூடாதா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். தகரம் பற்றியும் பேச வேண்டும், அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். ஆனால் வண்டிச் சூடு கார்க்காரர்களின் பிரச்சினை மட்டுமல்ல. தோட்டத்துப் பிள்ளைகள் பாலர் பாடசாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வாடகை வேனிலும் ஓட்டோவிலும் போகிறார்கள். வயதானவர்களைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அக்கம்பக்கத்தார் வேன் பிடித்துக் கூட்டிவருகிறார்கள். துண்டு வெட்டி வரும்வரை, மருந்து எடுத்து வரும்வரை, நடக்க முடியாத பாட்டி வண்டியிலேயே உட்கார்ந்திருக்கட்டும் என்று விடுவது கரிசனையால் செய்கிற காரியம். பிரஷருக்கு நீர் போகும் மாத்திரை எடுக்கும் முதியவரின் உடம்பு சூட்டைத் தாங்கும் சக்தியை ஏற்கெனவே ஓரளவு இழந்திருக்கும் என்பது அப்போது யாருக்கும் தோன்றுவதில்லை. எடுத்து வந்த மருந்துக்கும் இதே கதிதான். பாவனையில் இருக்கும் இன்சுலின் 30 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும், திறக்காத குப்பி குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும். கிளினிக்கில் மாதத்துக்கென்று கொடுத்த குப்பியை டேஷ்போர்டின் மேல் வைத்துவிட்டுச் சந்தைக்குள் நுழைந்தால், அந்த மாதம் முழுவதும் போடுகிற ஊசி பலனில்லாமல் போகலாம். சீனி ஏன் இறங்கவில்லை என்று அடுத்த கிளினிக்கில் டொக்டருக்கும் புரியாது.

ஆகவே நிழல் ஒரு பொதுத் தேவை. ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம், பள்ளிக்கூட வாசல் என்று ஆட்கள் வண்டியில் காத்திருக்கும் இடங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காணலாம். ரயில் பாதை 1924இல் பதுளையை அடைந்த காலத்திலேயே தேயிலைச் செடிக்கு நிழல் வேண்டுமென்று மலை மலையாகக் கிரவிலியாவும் அல்பீசியாவும் நட்டவர்கள் இங்கே இருந்தார்கள். செடிக்கு நிழல் பார்த்த நாட்டில் ஆட்கள் நிற்கும் முற்றத்துக்கு மட்டும் கொங்கிறீட் போதும் என்று முடிவு செய்தது யார்? மரம் விழுந்து வண்டியும் ஆளும் நசுங்கிய சம்பவங்களைச் சொல்லி எதிர்ப்பார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலில் இந்த மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பிறகு அந்தப் பயத்தை லேசாக எடுக்க முடியாது. ஆனால் விழும் மரம் பெரும்பாலும் கவனிக்காமல் விட்ட மரம். வேர் ஓட இடம் விட்டு, வருடா வருடம் கொப்பு வெட்டி வளர்க்க மாநகர சபைக்கு ஆள் வேண்டும். அது முடியாத இடத்தில் இரும்புக் குழாயும் வலைத் துணியும் போட்டுப் பந்தல் கட்டலாம். தவறணைக்கு நாற்றுப் போடும் தோட்டங்களில் அந்த வலை எங்கே கிடைக்கும், எத்தனை வருடம் உழைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது பிள்ளைகளின் விஷயம். குழந்தையின் உடம்பு பெரியவர் உடம்பைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகத்தில் சூடேறும். அமெரிக்காவில் 1998 முதல் எடுத்துவரும் கணக்கில் ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள் பூட்டிய வண்டிகளில் இறக்கின்றன. அதில் பாதிக்கு மேல், பெற்றவரோ பொறுப்பாளரோ பிள்ளை வண்டிக்குள் இருப்பதை மறந்துபோனதால் நேர்ந்தவை. இதைக் கேட்டதும் அப்படியும் மறப்பார்களா என்று பதறுகிறோம், உடனே கல்நெஞ்சம் என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு ஒரு பிள்ளையையும் காப்பாற்றாது. தினமும் போகும் வழியில் தினமும் செய்யும் வேலையில் மனம் தானாக ஓடும். பின்னிருக்கையில் தூங்கிப்போன பிள்ளை சத்தம் போடாது. நல்லவர்களுக்கும் நேரக்கூடியதை நல்ல குணத்தால் மட்டும் தடுக்க முடியாது, ஒழுங்கு முறையால்தான் தடுக்க வேண்டும். நம் ஊரில் அப்படி எதுவும் நடந்ததில்லையே என்பது பதிலாகாது. கொஸ்லாந்தை மீரியபெத்தவில் 2014 ஒக்டோபரில் மலை சரியும் முன்பும் மலை அப்படியே இருந்தது.

2022 செப்டெம்பர் 5ஆம் திகதி ஜப்பானின் மக்கினொஹாரா நகரில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி பாலர் பாடசாலை பஸ்ஸுக்குள்ளேயே விடப்பட்டு இறந்தாள். அன்று அங்கே வெளியே இருந்தது 30 பாகையை ஒட்டிய வெப்பம்; பதுளையின் சாதாரண மத்தியானம். ஆறு நாள் கழித்து, கட்டாரின் அல் வக்ராவில் கேரளத்துக் குடும்பமொன்றின் நான்கு வயது மகள் அதேபோல் பள்ளி பஸ்ஸில் இறந்தாள். இரண்டு பஸ்ஸிலும் பொறுப்பான பெரியவர்கள் இருந்தார்கள். இரண்டிலும் கடைசி இருக்கை வரை யாரும் நடந்து பார்க்கவில்லை. மக்கினொஹாராவில் பிள்ளை வகுப்பில் இல்லை என்று தெரிந்தும் வீட்டுக்கு அழைத்துக் கேட்கவில்லை. ஜப்பான் அடுத்த ஏப்ரலிலேயே பாலர் பாடசாலை பஸ்களுக்கு ஒரு கருவியைக் கட்டாயமாக்கியது. அதில் ஒரு வகையில், எஞ்சினை நிறுத்தியதும் அலாரம் அடிக்கும். அதை அணைக்கும் பொத்தான் பஸ்ஸின் கடைசி வரிசையில் இருக்கும். சாரதி பின்னால் வரை நடந்தே ஆக வேண்டும், நடக்கும்போது ஒவ்வொரு இருக்கையும் கண்ணில் படும்.

இங்கே ஓடும் வேன்களுக்கு அந்தக் கருவியை நாளைக்கே வாங்கிப் பூட்டச் சொல்லவில்லை. சாரதிகள் தவணைக்கும் டீசலுக்கும் திண்டாடுவது தெரியும். ஆனால் பின்னால் வரை நடக்கக் காசு வேண்டாம். பூட்டும் முன் கடைசி இருக்கை வரை போய்ப் பார்த்துவிட்டு, பின்கதவுக் கண்ணாடியில் வெளியே தெரியும்படி ‘வண்டி காலி’ என்ற அட்டையைத் தொங்கவிட்டு வருவது என்று ஒரு வழக்கம் வைக்கலாம். அட்டை இல்லாமல் நிற்கும் வேனைக் கண்டால் வாயில்காவலரோ எதிர்க் கடைக்காரரோ எட்டிப் பார்க்கலாம். பாலர் பாடசாலைகளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராக்களும் காலையில் பெயர் கூப்பிட்டு முடித்த அரை மணிக்குள், வராத பிள்ளையின் வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுக்க வேண்டும். மலையில் வேலை செய்யும் தாயிடம் போன் இல்லையென்றால் கங்காணியின் எண்ணோ பக்கத்து வீட்டு எண்ணோ பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். மாகாணக் கல்வி அதிகாரிகளும், பிள்ளைக் காம்பராக்களைக் கவனிக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் இதை ஒரு பக்கச் சுற்றறிக்கையாக அடுத்த கச்சான் தொடங்குமுன் அனுப்பிவிடலாம்.